ஜெங்சோவின் சிவப்புக் குறியீடு – கடிதம்

அன்புள்ள ஐயா,

சீனாவின் சட்டத்திலும் நிர்வாகத்திலும் டிஜிட்டல் தொழில்நுட்பம் என்ற பொருளில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கிறேன். குடிமக்களுக்கு அரசு மதிப்பெண் போடும் முறை, தீர்ப்பு எழுதும் செயற்கை நுண்ணறிவு, கொரோனா காலத்துச் சுகாதாரக் குறியீடு ஆகிய மூன்றில் எதை எடுத்துக்கொள்வது என்று குழப்பமாக இருக்கிறது. தொழில்நுட்பமே நீதிபதியாகிவிட்ட நாடு என்பது என் கருதுகோள். சீனமொழி தெரியாமல் ஆங்கில மொழிபெயர்ப்புகளைக் கொண்டே இதைச் செய்துவிட முடியுமா?

தி.

அன்புள்ள தி.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: முடியாது. ஒரு நாட்டின் சட்டத்தை அந்நாட்டின் மொழியில் வாசிக்காமல் அதைப் பற்றி ஆய்வேடு எழுதுவது சோம்பல். அதற்குப் பட்டம் கிடைத்துவிடும் என்பது வேறு விஷயம்.

குடிமகன் ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண் என்பது வாட்ஸப்பில் வாழும் சீனா. 2014இல் வெளியான அரசின் திட்டத்தில் நாடு முழுமைக்குமான ஒற்றை மதிப்பெண் இல்லை. ஷாண்டோங் மாகாணத்து ரோங்செங் போன்ற சில ஊர்கள் தம்மளவில் போட்டுப் பார்த்தன. மக்களை உண்மையில் இறுக்குவது நீதிமன்றம் விதித்த தொகையைக் கட்டாதவர்களின் பட்டியல்தான். அதில் பெயர் ஏறினால் விமானத்துக்கும் அதிவேக ரயிலுக்கும் டிக்கெட் கிடைக்காது. தீர்ப்பு எழுதும் எந்திரத்தைப் பொறுத்தவரை, செயற்கை நுண்ணறிவு துணைக்கு மட்டுமே, முடிவு நீதிபதியுடையது என்று உச்ச மக்கள் நீதிமன்றமே 2022 டிசம்பரில் அறிவித்துவிட்டது. இரண்டையும் விட்டுவிடுங்கள்.

மூன்றாவதை, அதாவது செல்பேசியில் பச்சை வந்தால் நடமாடலாம், சிவப்பு வந்தால் முடங்கவேண்டும் என்றிருந்த சுகாதாரக் குறியீட்டை, நானும் சில காலமாக மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். 2022 ஏப்ரலில் ஹெனான் மாகாணத்தின் சில கிராமிய வங்கிகளில் பணம் போட்டவர்களால் அதைத் திரும்ப எடுக்க முடியாமல் போயிற்று. முறையிடுவதற்காக ஜூனில் மாகாணத் தலைநகர் ஜெங்சோவுக்குப் போனவர்கள், ரயில் நிலையத்திலும் விடுதி வாசலிலும் ஒட்டியிருந்த குறியீட்டைச் செல்பேசியில் ஸ்கேன் செய்ததும், தொற்றாளருக்கும் அவரோடு நெருங்கிப் பழகியவருக்கும் வரவேண்டிய சிவப்பு அவர்களுடைய திரையில் வந்தது. இப்படிச் சிவப்பு ஏற்றப்பட்டவர்கள் மொத்தம் 1,317 பேர் என்று பின்னர் அதிகாரபூர்வமாகவே சொன்னார்கள். அவர்களில் 871 பேர் ஜெங்சோவுக்கு வரவே இல்லை. வேறொருவர் அனுப்பிய குறியீட்டை இருந்த இடத்திலிருந்தே ஸ்கேன் செய்தவர்கள். ஊருக்குள் காலே வைக்காதவர், அந்த ஊரின் நோய்த்தடுப்பு அமைப்பின் கண்ணில் நோயாளியாகிவிட்டார்.

இங்கே உங்கள் கருதுகோள் என்ன ஆகிறது? எந்திரம் தன் விதிப்படி கணக்கிட்டிருந்தால் அவர்களுக்குப் பச்சைதான் வந்திருக்கும். அந்த விதியைத் தள்ளிவைத்து, வங்கி வாடிக்கையாளர் என்ற ஒரே காரணத்துக்காகச் சிவப்பை ஏற்றச் சொன்னவர்கள் நகரின் அதிகாரிகள். தொழில்நுட்பம் அங்கே நீதிபதியாக இருக்கவில்லை, ஏவிய வேலையைச் செய்த கடைநிலை ஊழியனாக இருந்தது. நீங்கள் ஊழியனைக் கண்டு மிரண்டுபோய், ஏவியவரைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறீர்கள். இன்று சீனாவைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப்பேர் செய்யும் பிழை இது. அதையே நீங்களும் செய்வதற்கு ஒரு பல்கலைக்கழகம் உங்களுக்கு ஏன் உதவித்தொகை தரவேண்டும்?

ஏவியவர் என்ன ஆனார் என்பதில்தான் ஆய்வுக்கான பொருள் இருக்கிறது. ஐந்து அதிகாரிகள் மீது நடவடிக்கை வந்தது. காவல்துறையையும் நீதிமன்றங்களையும் மேற்பார்க்கும் கட்சி அமைப்பான நகரின் அரசியல்-சட்டக் குழுவின் துணைச் செயலாளர் உட்படச் சிலர் பதவி இழந்தனர். நடவடிக்கை எடுத்தது நீதிமன்றம் அல்ல, கட்சிக்காரர்களையும் அதிகாரிகளையும் விசாரிக்கும் ஒழுங்குக் கண்காணிப்பு ஆணையம். அப்போது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. அரசு அமைப்புகள் தமக்குச் சட்டம் தந்த அதிகார வரம்பைத் தாண்டி யாருடைய தகவலையும் கையாளக்கூடாது என்று அதன் 34ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அரசு அமைப்பே கடமை தவறினால் என்ன செய்வது என்பதற்கு 68ஆம் பிரிவு காட்டும் வழி, மேலமைப்போ பொறுப்புள்ள துறையோ திருத்தச் சொல்லும், பொறுப்பாளர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாவார் என்பதே.

இதன் பக்கத்தில் ஹாங்சோ நகரத்து வழக்கு ஒன்றை வைத்துப் பாருங்கள். ஆண்டு அனுமதி அட்டை வாங்கியவர்களிடம் முகப்பதிவு கேட்ட வனவிலங்குப் பூங்கா மீது சட்டப் பேராசிரியர் குவோ பிங் வழக்குத் தொடுத்தார். 2020 நவம்பரில் அவருக்கு 1,038 யுவான் கொடுக்கவும் முகத்தரவை அழிக்கவும் தீர்ப்பானது. 2021இல் மேல்முறையீட்டில் கைரேகைத் தரவையும் அழிக்கச் சொன்னார்கள். ஆக, பூங்காவின் தவறு நீதிமன்றத்தில் தீர்ந்தது, நகர நிர்வாகத்தின் தவறு அதற்குமேல் இருந்தவர்களின் அறைக்குள் தீர்ந்தது. தவறு செய்தது அரசாக இருக்கும்போது குடிமகனுக்குக் கிடைக்கும் பரிகாரம் எது என்ற ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் நான்கு ஆண்டுகளுக்கு வேலை இருக்கிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இத்தனை தூரம் போய்ப் படிக்க முனைந்த உங்கள் ஆர்வம் எனக்குப் பிடித்திருப்பதால்தான் கடிந்து எழுதுகிறேன். ஒன்றில் மட்டும் தாமதம் வேண்டாம். 2014 முதல் சீன நீதிமன்றங்கள் தீர்ப்புகளை இணையத்தில் பொதுவில் ஏற்றிவந்தன, ஓர் ஆண்டில் ஏற்றும் எண்ணிக்கை 2020இல் 1.92 கோடியாக இருந்தது, 2023இல் 51 லட்சமாகச் சுருங்கியது. 2024 தொடக்கத்தில் நீதிமன்றப் பணியாளர் மட்டுமே பார்க்கக்கூடிய தனித் தரவுத்தளமும் வந்துவிட்டது. உங்களுக்குத் தேவைப்படும் தீர்ப்புகளை, படிக்கத் தெரியாவிட்டாலும், இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.