முதுமையைச் சரியாக விளக்குவது உயிரியல் கோட்பாடுகளா, உளவியல்-சமூகக் கோட்பாடுகளா?

இவை ஒரே கேள்விக்கான இரண்டு பதில்கள் அல்ல என்பது என் கருத்து. உடல் ஏன் தளர்கிறது என்று உயிரியல் கேட்கிறது. தளர்ந்த உடலோடு மனிதர் எப்படி வாழ்கிறார் என்று மற்றது கேட்கிறது. நான் செவிலியர் மாணவர்களுக்கு இப்பாடத்தை நடத்துகிறேன். வடசென்னையின் தண்டையார்பேட்டைக்காரன் என்பதால் இரண்டாவதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது.

முதலில் உயிரியல். மனிதக் கருவிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட செல்கள் ஏறத்தாழ 50 முறை பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்று 1961-இல் ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் காட்டினர். ஒவ்வொரு பிரிவிலும் குரோமோசோம் நுனியிலுள்ள டெலோமியர் தேய்வதே அதற்கு முக்கியக் காரணம் என்பது பின்னர் தெரிந்தது. உடலில் உருவாகும் ஃப்ரீ ரேடிக்கல் எனும் நிலையற்ற மூலக்கூறுகள் செல்களைச் சிதைப்பதால்தான் முதுமை வருகிறது என்று டென்ஹாம் ஹார்மன் 1956-இல் முன்வைத்த கோட்பாட்டின் பெயரைச் சொல்லித்தான் மருந்துக் கடைகளில் இளமை மாத்திரைகள் விற்பனையாகின்றன. ஆனால் ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு, அந்த மூலக்கூறுகளை அடக்கும் என்று கருதப்பட்ட பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்த ஆய்வில், நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாகக் கூடியது என்று 1994-இல் முடிவு வந்தது. எனக்கு அதிக நிறைவு தருவது தாமஸ் கிர்க்வுட் 1977-இல் சொன்ன விளக்கம்: உடலுக்குக் கிடைக்கும் ஆற்றல் அளவானது என்பதால், விபத்திலோ நோயிலோ எப்படியும் மடியக்கூடிய உடலை முடிவில்லாமல் பழுதுபார்ப்பதைவிட, அந்த ஆற்றலை இனப்பெருக்கத்துக்குச் செலவிடும் உயிர்களையே இயற்கைத் தேர்வு ஆதரிக்கிறது.

உளவியல்-சமூகக் கோட்பாடுகளில் கம்மிங், ஹென்றி இருவரும் 1961-இல் வெளியிட்ட விலகல் கோட்பாடு பாடநூல்களில் முதலில் வரும். முதியவரும் சமூகமும் பரஸ்பர இசைவோடு ஒருவரையொருவர் மெல்ல விடுவித்துக்கொள்கின்றனர் என்பது அதன் சாரம். அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் திரட்டிய தரவிலிருந்து உருவான இக்கருத்து வடசென்னைக்குப் பொருந்துவதாக நான் நினைக்கவில்லை. 1990களில் இங்கிருந்த பின்னி துணி ஆலை மூடப்பட்டபோது வேலையிழந்தவர்கள் யாருடைய இசைவோடு விலகினார்கள்? மறுபுறம், ஓய்வூதியம் என்ற ஒன்றே இல்லாத மீன்காரம்மாவுக்கு, விலகுவதற்கான நாள் என்று எதுவும் குறிக்கப்பட்டிருப்பதில்லை. சுறுசுறுப்பாக இருப்பவரே நிறைவாக மூப்படைகிறார் என்ற ஹேவிகர்ஸ்ட்டின் செயல்பாட்டுக் கோட்பாடும், வயிற்றுப்பாட்டுக்காக உழைப்பதையும் விரும்பி உழைப்பதையும் பிரித்துப் பார்க்காவிட்டால் இங்கே தடுமாறிப்போகும்.

பால் பால்டஸ், மார்கரெட் பால்டஸ் தம்பதியின் கோட்பாடு இங்குள்ள வாழ்க்கைக்கு நெருக்கமானது. முதுமையில் மனிதர் சிலவற்றை மட்டும் தேர்ந்துகொள்கிறார், அவற்றில் கூடுதல் கவனம் செலுத்துகிறார், இழந்ததை வேறு வழியில் ஈடுசெய்கிறார் என்கிறது அது. பியானோ கலைஞர் ரூபின்ஸ்டைன் வயதான காலத்தில் குறைவான இசைப்பாடல்களை எடுத்துக்கொண்டு, அவற்றையே அதிகம் பயின்று, வேகமான பகுதிக்குச் சற்று முன்பு வேகத்தைக் குறைத்து வாசித்ததை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். வகுப்பில் நான் எங்கள் பகுதி மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டைச் சொல்வேன். கடலுக்குப் போவதை விட்டுவிட்ட பெரியவர் கரையில் அமர்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்கிறார். கண் மங்கினாலும் விரலுக்கு முடிச்சு தெரியும். காற்றின் போக்கைப் பற்றி இளைஞர்கள் அவரிடம்தான் கேட்கிறார்கள். தேர்வு, கவனம், ஈடு மூன்றும் அதில் உண்டு.

முதியவர்களின் நட்பு வட்டம் சுருங்குவதை விலகல் என்று கொள்ளலாமே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. லாரா கார்ஸ்டென்சன் அதை வேறுவிதமாக விளக்குகிறார்: எஞ்சியுள்ள காலம் குறைவு என்று உணரும்போது மனம் புதியவர்களைத் தவிர்த்து நெருங்கியவர்களை நாடுகிறது. இது வயதால் மட்டும் வருவதன்று. 1997-இல் ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்படுவதற்கு முந்தைய மாதங்களில் அவரது குழு ஆய்வு செய்தபோது, அங்கிருந்த இளைஞர்களும் முதியவர்களைப் போலவே பழகியவர்களோடு நேரம் செலவிடவே விரும்பினர்.