தென்னை அடியில் முளைத்த தட்டு: காளான் கேள்வி பதில்

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அப்புறம் நம் கடற்கரை ஊர்களில் மரத்துக்கு மரம் தட்டுக் காளான் முளைக்கிறது. இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் அதைப் பற்றித்தான்.

உச்சிப்புளி: சார், தென்னையின் அடித்தண்டில் வார்னிஷ் அடித்த மாதிரி செம்பழுப்பாக ஒரு தட்டு. தண்டில் சாறு வடிகிறது, மட்டைகள் தொங்குகின்றன. இது கானோடெர்மா லூசிடம் தானே?

கானோடெர்மா என்ற பேரினப் பெயர் (நெருங்கிய பல இனங்களுக்குப் பொதுப்பெயர்) சரி. லூசிடம் என்ற இனப் பெயரில்தான் எனக்குத் தகராறு. 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூர்ப் பக்கம் தென்னைகள் இப்படிச் சாய்ந்ததால் 'தஞ்சாவூர் வாடல்' என்றே நோய்க்குப் பெயர் விழுந்தது. காரணமான காளானைப் பலரும் லூசிடம் என்று எழுதினார்கள். அந்தப் பெயரோ 1781இல் இங்கிலாந்துக் காளானுக்கு வைத்தது. மேல்தோல் பளபளத்தால் போதும், உலகம் முழுக்க அதே பெயரை ஒட்டிவிட்டார்கள். டிஎன்ஏ வந்த பிறகு பார்த்தால், சீனாவில் மருந்தாக விற்கும் லிங்ஜி கூட வேறு இனம். அதனால் உங்கள் காளானுக்கு 'கானோடெர்மா' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெயர் காத்திருக்கும், மரம் காத்திருக்காது. தட்டு வெளியே தெரிகிறதென்றால் உள்ளே அழுகல் நெடுநாளாக நடந்திருக்கிறது. பட்ட மரத்தை வேரோடு எடுத்துவிடுங்கள். பக்கத்து மரங்களுக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு வைத்து, 1 சதவீத போர்டோக் கலவையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) மரத்துக்கு 40 லிட்டர் வீதம் வேர்ப்பகுதியில் ஊற்றுங்கள்.

தொண்டி, கல்லூரி மாணவி: எங்கள் லேபில் மைக்ரோஸ்கோப் மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்து என்ன செய்ய முடியும் சார்?

நிறையவே முடியும் அம்மா. கானோடெர்மாவின் வித்துக்கு (ஸ்போர்) இரட்டைச் சுவர். ஒரு முனை வெட்டிவிட்டது போலத் தட்டையாக இருக்கும். ஒரு தடவை பார்த்தால் மறக்காது. அப்புறம் இழைகள். 1932இல் சிங்கப்பூரில் இருந்த காளான் ஆய்வாளர் கார்னர் காட்டிய வழி அது: வளரும் மெல்லிய இழை, தாங்கும் தடித்த இழை, கிளைவிட்டுப் பின்னிக் கட்டும் இழை. மூன்றில் எவை இருக்கின்றன என்று குறித்தாலே பாதிக் குழப்பம் தீரும். பழுப்புச் சதையில் ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு அது கறுத்தால், பெல்லினஸ் என்ற கட்டை போன்ற தட்டுக் காளான் சேர்ந்த குடும்பத்தைச் சந்தேகிக்கலாம்.

சாயல்குடி: சீமைக் கருவேலத்தில் கறுத்து வெடித்த, கட்டை போன்ற தட்டு இருக்கிறது. காரங்காட்டு அலையாத்தியிலும் அதே மாதிரி பார்த்தேன். இரண்டும் ஒன்றா?

பார்வைக்கு ஒன்று. முன்பு இந்தச் சாயலில் இருந்ததை எல்லாம் பெல்லினஸ் என்ற ஒரே கூடையில் போட்டார்கள். மரபணு பார்த்ததும் கூடை உடைந்து ஃபுல்விஃபோம்ஸ், ஃபஸ்கோபோரியா என்று பல பேரினங்கள் வெளியே வந்தன. தாய்லாந்துச் சதுப்புக் காட்டில் ஒரே வகை மரத்திலேயே மூன்று ஃபுல்விஃபோம்ஸ் இனங்களைப் பிரித்திருக்கிறார்கள். எந்த மரத்தில் எடுத்தது என்று எழுதாத மாதிரியை நான் கையால் தொடமாட்டேன். காரங்காட்டில் எடுப்பதென்றால் முதலில் வனத்துறை அனுமதி வாங்குங்கள்.

பாம்பன்: விறகுக் கட்டையில் மெல்லிசாக, செக்கச்செவேலென்று ஒன்று. சமைக்கலாமா?

அநேகமாக பிக்னோபோரஸ். 2011இல் அதை ட்ராமீட்டஸ் என்ற இன்னொரு பேரினத்தில் சேர்க்கச் சொன்னார்கள். நான் இன்னும் பழைய பெயரையே சொல்கிறேன். சமையல் வேண்டாம், தோலைக் கடிப்பது போலிருக்கும்.

தேவிபட்டினம்: டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பிவிட்டால் மைக்ரோஸ்கோப்பு எதற்கு சார்?

ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியை 2012இல் காளான்களின் பார்கோடாக, அதாவது இனத்தை அடையாளம் காட்டும் குறியாக, ஏற்றார்கள். ஆனால் ஒப்பிடும் தரவுத்தளத்திலேயே லூசிடம் என்று தப்பாகப் பெயரிட்டவை கிடக்கின்றன. முதலில் வரும் பெயரை எடுத்து எழுதினால் அடுத்தவர் தப்பு நம் தப்பாகிவிடும். நெருங்கிய இனங்களைப் பிரிக்க டெஃப்1, ஆர்பிபி2 மரபணுக்களும் வேண்டும்.

இன்னொன்று: ஒரு தடவை மாதிரியைப் பாலிதீன் பையில் கட்டி வைத்தேன். நம் ஊர் ஈரக்காற்றில் மேலே பூஞ்சணம் பூத்து, சோதனையில் வந்தது அந்தப் பூஞ்சணத்தின் டிஎன்ஏ! காகிதப் பையில் போட்டு, அன்றைக்கே உலர்த்திவிடுங்கள்.