மூன்றாம் அடியை ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

கேள்வி: என் பேரன் 'கைவீசம்மா கைவீசு' பாட்டை, 'கடைக்குப் போகலாம் கைவீசு, கடனைச் சொல்லலாம் கைவீசு' என்று பாடுகிறான். மூன்றாம் அடியை எழுதக் கை கூசுகிறது. ஓசூரில் மகள் வீட்டுப் பிள்ளைகளும் அதையே வேறு சொற்களில் கெடுத்துப் பாடுகிறார்கள். எல்லாம் கைப்பேசி செய்த கோலம்தானே? பள்ளியில் கண்டிக்க வேண்டாமா?
– ஒரு தாத்தா, பாலக்கோடு

பதில்: கைப்பேசியின் தலையில் எதைத்தான் போடுவது என்று ஒரு கணக்கில்லாமல் போய்விட்டது. ஐயா, 1936 டிசம்பரில் இங்கிலாந்தில் எந்தப் பிள்ளையிடம் கைப்பேசி இருந்தது? சிம்சன் அம்மையாரை மணப்பதற்காக மன்னர் எட்டாம் எட்வர்டு முடி துறந்த மாதம் அது. மாதத் தொடக்கத்தில்தான் அந்நாட்டுச் செய்தித்தாள்கள் விவகாரத்தைப் பற்றி வாய் திறந்தன. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள், அந்த அம்மாள் எங்கள் ராஜாவைத் திருடிக்கொண்டாள் என்று ஒரு கிறிஸ்துமஸ் பாட்டின் மெட்டிலேயே நாட்டின் பல மூலைகளில் பள்ளிப் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். எந்த வானொலி அதை ஒலிபரப்பியிருக்கும்? பள்ளிப் பிள்ளைகளின் பாட்டுகளைச் சுமார் 5,000 பிள்ளைகளிடம் கேட்டுத் திரட்டி 1959இல் நூலாக்கிய ஆங்கிலேயரான ஓப்பி தம்பதியர் இதையும் குறித்துவைத்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பாட்டு ஓசூருக்கு எப்படிப் போனது என்றா கேட்கிறீர்கள்? நீங்களே கொண்டுபோய் விட்டிருப்பீர்கள். முழு ஆண்டு விடுமுறையில் பேரனை ரயிலேற்றி, மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாக மகள் வீட்டில் இறக்கினீர்களா இல்லையா? உங்கள் பையில் முறுக்கு இருந்தது, அவன் வாயில் பாட்டு இருந்தது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன குடும்பம் திருவிழாவுக்கு ஊர் திரும்பும்போதும் இப்படித்தான் நடக்கிறது.

போன இடத்தில் பாட்டு சும்மா இருப்பதில்லை. தளிப் பக்கம் நான் கேட்டது இது: 'மிட்டாய் வாங்கலாம் கைவீசு, காசு கேட்டால் லேது பேசு.' 'லேது' என்றால் தெலுங்கில் 'இல்லை'. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், வகுப்பில் தமிழ் என்று வளரும் பிள்ளை கடைக்காரரிடம் எந்த மொழியில் கைவிரிக்கிறது பாருங்கள். கிருஷ்ணகிரிக்கு அருகே ஒரு சிறுவன் பாடினான்: 'மாந்தோப்புக்குப் போகலாம் கைவீசு, காவல்காரர் வந்தால் கால்வீசு.' ஓட்டம் என்று சொல்லாமல் 'கால்வீசு' என்றானே, அந்தப் பயலுக்கு இந்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கத் தயார்.

மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். மூலப் பாட்டில் கடை உண்டு, மிட்டாய் உண்டு, மெதுவாகத் தின்னலாம் என்ற புத்திமதிகூட உண்டு. காசு கொடுப்பவர்தான் யாருமில்லை. அந்த ஓட்டையில்தான் பிள்ளைகள் விரலை விட்டிருக்கிறார்கள். பாலக்கோட்டில் கடன், தளியில் லேது, கிருஷ்ணகிரியில் திருட்டு மாங்காய். ஊருக்கு ஊர் சொல் மாறுகிறது. 'கைவீசு' விழும் இடம் மட்டும் அசையவில்லை. பொருளே தெரியாத 'இங்கி பிங்கி பாங்கி'யும் அப்படித்தான். சீமையிலிருந்து வந்த அதைக் கேலி செய்யக்கூட நம் பிள்ளைகளுக்கு வழியில்லை. சொல் தேய்ந்தாலும் ஆள் எண்ணுவதற்கு அந்தத் தாளம் போதும், வைத்துக்கொண்டார்கள்.

கெடுத்துவிட்டார்கள் என்கிறீர்கள். அந்தக் கணக்கில் பாரதியாரும் கெடுத்தவர்தான். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில் நந்தனை ஏசும் ஒரு பாட்டு வருகிறது. அதன் மெட்டையும் போக்கையும் எடுத்து, சுதந்திரம் கேட்கும் இந்தியரை வெள்ளைக்கார அதிகாரி ஏசுவதாக மாற்றினார். பழைய பாட்டு தெரிந்தவனுக்குத்தான் புதியதின் குத்தல் முழுதாக உறைக்கும். உங்கள் பேரனுக்கும் 'கைவீசம்மா' தலைகீழ்ப் பாடம். அரைகுறையாகத் தெரிந்தவனால் இப்படி மாற்ற முடியாது.

கண்டிக்க வேண்டிய பாட்டும் உண்டு. நான்காம் வகுப்பில், திக்கிப் பேசும் ஒருவன் பெயரை வைத்து நாங்கள் பாட்டுக் கட்டினோம். அவனுடைய திக்கலையே தாளமாக்கினோம். கொஞ்ச நாளில் அவன் இடைவேளையில் வெளியே வருவதை நிறுத்திவிட்டான். அந்தப் பாட்டின் இரண்டாம் அடி நான் போட்டது. அப்படி ஒன்று உங்கள் காதில் விழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கடன் சொல்லும் பாட்டுக்கு ஆசிரியரிடம் போகாதீர்கள். காலை வழிபாட்டில் தடை அறிவித்தால், அதுவரை கேள்விப்படாத ஒன்றாம் வகுப்பும் மதியத்துக்குள் பாடத் தொடங்கிவிடும்.

மற்றபடி, வரலாறு எழுதுவதுபோல் எல்லாவற்றையும் விவரமாக எழுதிவிட்டு மூன்றாம் அடியை மட்டும் விழுங்கிவிட்டீர்கள். பேரனிடம் இன்னொரு முறை பாடச் சொல்லி, தனி அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். அச்சில் போட மாட்டேன். எங்கள் ஊர் மூன்றாம் அடியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.