நிறுவனத்தின் பாட்டு, மாணவிகளின் பாட்டு

வணக்கம்.

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். எந்நேரமும் கொரியப் பெண்கள் குழுக்களின் பாட்டுதான். சென்ற வாரம் 'கேர்ள்ஸ் ஜெனரேஷன்' குழுவின் 'இன்டு தி நியூ வேர்ல்டு' என்ற பாட்டைப் போட்டுக்காட்டி, "இதைப் பாடித்தான் அங்கே அதிபரையே இறக்கினார்கள் அப்பா" என்றாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. சிறுமிகளைப் பொறுக்கியெடுத்து, பயிற்சி கொடுத்து, உடை முதல் சிரிப்பு வரை நிறுவனமே தீர்மானித்து விற்கும் சரக்கு அது. அதைப் போராட்டக் களத்தில் பாடுவது, உயிரைக் கொடுத்துப் போராடியவர்களின் பாடல்களுக்கு இழுக்கு இல்லையா? அவளிடம் என்ன சொல்வது?

க., திருச்சி

அன்புள்ள க.,

தென் கொரிய அதிபர் யூன் சுக்-யோலைப் பாட்டு இறக்கவில்லை. நாடாளுமன்ற வாக்குகளும் அரசமைப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பும்தான் இறக்கின. ஆனால் அந்த வாக்கெடுப்பு நடந்தபோது வெளியே டிசம்பர் குளிரில் நின்ற பெருங்கூட்டம் இந்தப் பாட்டைப் பாடியது உண்மை. அந்த அளவில் உங்கள் மகள் சொன்னது சரி.

சரக்கு என்று நீங்கள் சொல்வதையும் நான் மறுக்கவில்லை. 2007 ஆகஸ்டில் எஸ்.எம். என்டர்டெயின்மென்ட் நிறுவனம் ஒன்பது பெண்களைக் கொண்டு இதை வெளியிட்டது. அப்போது அவர்களுக்கு 16 முதல் 18 வயது. பாட்டு அவர்களுக்காக உருவானதுகூட இல்லை. அதே நிறுவனத்தின் 'மில்க்' என்ற பெண்கள் குழுவுக்காக உருவாகி, அந்தக் குழு கலைந்ததால் கிடப்பில் இருந்தது. இரண்டே ஆண்டுகளில் அதே நிறுவனத்தின் ஓர் ஆண்கள் குழுவைச் சேர்ந்த மூவர், 13 ஆண்டு ஒப்பந்தம் தங்களைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று நீதிமன்றத்துக்குப் போனார்கள். இந்தத் தொழிலின் மீது உங்களுக்கு இருக்கும் கோபம் எனக்கும் உண்டு.

வெளியானபோது பாட்டுக்குக் கிடைத்தது நல்ல வரவேற்புதான், பெரிய அலை இல்லை. அந்த ஆண்டின் இலையுதிர் காலம் முழுக்க 'வொண்டர் கேர்ள்ஸ்' குழுவின் 'டெல் மீ' பாட்டின் பிடியில் இருந்தது. கேர்ள்ஸ் ஜெனரேஷனின் காலம் 2009 ஜனவரியில் 'ஜீ' என்ற பாட்டு வந்த பிறகே தொடங்கியது. கே.பி.எஸ். தொலைக்காட்சியின் வாராந்திர இசை நிகழ்ச்சியில் அது ஒன்பது வாரம் தொடர்ந்து முதலிடத்தில் நின்றது. முதல் பாட்டு ரசிகர்களின் நினைவில் தங்கியது. அவர்கள் அதன் கொரியத் தலைப்பைச் செல்லமாக 'தமான்சே' என்று சுருக்கிக் கூப்பிட்டார்கள்.

பிறகு 2016 ஜூலை. சியோலில் உள்ள இஹ்வா பெண்கள் பல்கலைக்கழகம், வேலைக்குப் போனவர்களுக்காகத் தனிக் கல்லூரி ஒன்றைத் தொடங்கத் திட்டமிட்டது. மாணவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவு, பட்டத்தை விற்கும் வேலை என்று சொல்லி மாணவிகள் முதன்மைக் கட்டடத்தில் அமர்ந்துவிட்டார்கள். ஜூலை 30 அன்று சுமார் 1,600 போலீசார் வளாகத்துக்குள் வந்தார்கள். உள்ளே இருந்த மாணவிகள் ஏறத்தாழ 200 பேர். கைகோத்து அமர்ந்து, போலீசாருக்கு எதிரே அவர்கள் பாடியது இந்தப் பாட்டைத்தான்.

ஏன் இது? உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. அந்த மாணவிகள் கட்சிகளையும் வெளி அமைப்புகளையும் தங்கள் போராட்டத்துக்குள் விடவில்லை. அமைப்புகள் பாடிவந்த பாடல்கள் அவர்களில் பலருக்குத் தெரியாது. பாடினால் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்ற பழி வேறு வரும். தலைவர் இல்லாத அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் முழுதாகத் தெரிந்த பாட்டு எது? 2007இல் அவர்கள் பள்ளிச் சிறுமிகள். வகுப்பறையில் காலைத் தூக்கி உதைத்து இதற்கு ஆடிய வயது. அதனால் யாரும் சொல்லித்தராமலே இருநூறு பேருக்கும் வரி தெரிந்திருந்தது. வரிகளும் கைகொடுத்தன: அற்புதம் நிகழும் என்று காத்திருக்காதே, முன்னால் இருப்பது கரடுமுரடான பாதையும் சுவரும், ஆனாலும் விட்டுவிட முடியாது என்கிறது பாட்டு. மேடையில் அது பதின்வயதுக் கனவாக ஒலித்தது. போலீசார் எதிரே நிற்கும்போது அதே சொற்கள் நேர்ப்பொருளில் நின்றன. நிறுவனம் இதைத் திட்டமிட்டிருக்க முடியாது, திட்டமிடவும் இல்லை. சில நாட்களில் பல்கலைக்கழகம் திட்டத்தைக் கைவிட்டது.

நீங்கள் மனதில் வைத்திருக்கும் புனிதமான பாடல்களையும் கொஞ்சம் பாருங்கள். கொரிய ஜனநாயகப் போராட்டத்தின் தாய்ப்பாடல் என்று போற்றப்படும் 'காலைப் பனித்துளி'யை கிம் மின்-கி 1971இல் வெளியிட்டபோது அதைப் போராட்டப் பாடலாக எழுதவில்லை. பாடியவர்கள் அப்படி ஆக்கினார்கள். சர்வாதிகாரி பார்க் சுங்-ஹீயின் அரசு அதைத் தடை செய்தது. 'அன்புக்குரியவருக்கான அணிவகுப்பு' வேறு வகை. 1980 மே மாதம் ராணுவ ஆட்சிக்கு எதிராகக் குவாங்ஜூ நகரில் நடந்த எழுச்சியில் கொல்லப்பட்ட யூன் சாங்-வோனுக்கும், அதற்கு முன்பே இறந்துவிட்ட தொழிலாளர் இரவுப்பள்ளித் தோழி பார்க் கி-சூனுக்கும் மரணத்துக்குப் பின் நடத்திய திருமணத்துக்காகப் பிறந்த பாட்டு அது. அதன் பக்கத்தில் வைக்க எதுவும் கிடையாது, நானும் வைக்கவில்லை.

ஆனால் 2024 டிசம்பரில் யூன் சுக்-யோல் ராணுவச் சட்டம் அறிவித்த பிறகு, சியோலின் யோய்டோ பகுதியில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் கூடிய கூட்டம் இந்தக் குவாங்ஜூ பாட்டையும் கேர்ள்ஸ் ஜெனரேஷனின் பாட்டையும் பாடியது. இளம்பெண்கள் பெருந்திரளாக வந்தார்கள். முந்தைய போராட்டங்களில் ஏந்திய மெழுகுவத்திக்குப் பதில், தங்களுக்குப் பிடித்த குழுவின் ரசிகர் விளக்கை, அதாவது இசை நிகழ்ச்சிகளில் அசைக்கும் மின்கல விளக்கை, கையில் பிடித்திருந்தார்கள். காற்றடித்தால் மெழுகுவத்தி அணைந்துவிடும் என்று 2016இல் ஓர் அரசியல்வாதி ஏளனம் செய்திருந்தார். இந்த விளக்குகள் அணையாது. ஐம்பதைக் கடந்தவர்கள் ரசிகர்களின் பாட்டு வரிகளைத் தேடிப் படித்துக்கொண்டு வந்தார்கள், இருபது வயதுக்காரர்கள் குவாங்ஜூ பாட்டைக் கற்றுக்கொண்டார்கள். டிசம்பர் 14 அன்று 204 வாக்குகளுடன் பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேறியதும் அந்த இடத்தில் ஒலித்தது 'தமான்சே'. இழுக்கு என்ற உங்கள் கேள்விக்குக் குவாங்ஜூ பாட்டைக் காலமெல்லாம் பாடிவந்த அந்த மூத்தவர்களே பதில் சொல்லிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மகளிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். இஹ்வா மாணவிகள் பாடிய அந்தச் சிறு காணொளியை அவளோடு உட்கார்ந்து பாருங்கள். பிறகு குவாங்ஜூவில் 1980இல் என்ன நடந்தது என்று நீங்கள் அவளுக்குச் சொல்லுங்கள். இரண்டாவது அவளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு. அவளுடைய பாட்டின் வழியாகவே அங்கே போய்ச் சேரலாம். ஒப்பந்தங்களைப் பற்றிய உங்கள் கோபத்தையும் மறைக்க வேண்டாம். பதினைந்து வயதுப் பெண்ணால் ஒரு பாட்டை நேசித்துக்கொண்டே அதை விற்றவர்களைக் கேள்வி கேட்கவும் முடியும்.