வீட்டில் செய்த கேஸ் செக் ஈயக் குண்டில் நிற்குமா?

குளிர்பானக் கேனை வெட்டிச் செய்த கேஸ் செக் (ஈயக் குண்டின் அடியில் மாட்டும் உலோகக் கிண்ணம்) கழன்று விழுகிறது, இது வீண்வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். வீண்வேலை இல்லை. கடையில் விற்பது கிடைக்காமலோ விலை கட்டாமலோதான் நீங்களும் இதில் இறங்கியிருப்பீர்கள். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் இருக்கிறேன். உரிமம் உள்ள பழைய த்ரீ நாட் த்ரீ ரைஃபிள் ஒன்றுக்கு எட்டு வருஷமாக ஈயக் குண்டு வார்க்கிறேன்.

முதலில் கேனை விடுங்கள். அதன் தகடு 0.1 மி.மீ. அளவுதான். என் அச்சில் வரும் குண்டின் அடித்தண்டு, அதாவது கிண்ணம் மாட்டுகிற ஒடுங்கிய அடிப்பகுதி, 7.25 மி.மீ.; அதை இறுகப் பிடிக்க 0.4 மி.மீ. தகடாவது வேண்டும். கேஸ் செக் என்பது சூடான வாயு ஈயத்தின் அடியை அரிக்காமல் காக்கும் சின்னக் கிண்ணம். அது ஆடினால் போடாததற்குச் சமம்.

நானும் இதில் பட்டவன்தான். லேத் வேலை தெரிந்த சிநேகிதன் தகட்டைக் கிண்ணமாக அழுத்தும் பஞ்ச் என்ற தண்டும் அதற்கேற்ற டை என்ற அச்சும் கடைந்து கொடுத்தான். செம்புத் தகட்டில் ஐம்பது கிண்ணம் அடித்தேன். பார்க்க அவ்வளவு அழகு. கிண்ணத்தைக் குண்டில் மாட்டி, குண்டை நெருக்கி அளவுக்குக் கொண்டுவரும் சைசரில் தள்ளி 7.98 மி.மீ.க்குக் கொண்டுவந்தேன். ஐம்பது மீட்டரில் சுட்டால் காகிதத்தில் குண்டு பக்கவாட்டில் பாய்ந்த நீள ஓட்டைகள். இலக்குக்கு முன்னால் புல்லில் நாலு கிண்ணம் கிடந்தது.

மாமாவிடம் காட்டினேன். கோயில் குடங்களுக்கும் செம்புகளுக்கும் ஒடுக்கு எடுத்தே காலத்தைக் கழித்தவர். கிண்ணத்தை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, "அடிச்ச செம்பு விறைச்சுக்கும்டா. தீயில காட்டினியா?" என்றார். அதுதான் விஷயம். விறைத்த செம்பு சைசரில் நெருங்கும், வெளியே வந்ததும் கொஞ்சம் விரிந்துகொள்ளும், பிடிப்பு போய்விடும். இப்போது கிண்ணங்களை ஒரு பழைய கரண்டியில் போட்டு மங்கின சிவப்பு வரும்வரை காய்ச்சி, தண்ணீரில் கொட்டிவிட்டுத்தான் மாட்டுகிறேன். அப்புறம் குறடு வைத்து இழுத்தால்கூட வருவதில்லை.

"கைவேலையால் துப்பாக்கிக் குழல் கெட்டுப்போகும்" என்று சிலர் இங்கே எழுதுவார்கள். நான் சொல்வது செம்பைப் பற்றி. அச்சகத்துப் பழைய அலுமினியத் தகட்டைப் பற்றி அல்ல. அதன் மேல் கடினமான ஆக்சைடு பூச்சு இருக்கும், அதை நான் தொடுவதில்லை. வெடிமருந்தின் அளவும் கையேட்டில் உள்ளபடிதான். காசை மிச்சம் பிடிக்கிறவன் என்பார்கள். இருக்கட்டும், செம்பு என் காசு.

எனக்கு வலிக்கிறது வேறு. 2021-இல் வந்த துப்பாக்கிச் சட்டத் திருத்த வரைவில், தோட்டாவை மறுபடி நிரப்புவதையே தடை செய்யப் பார்த்தார்கள். பொறுப்பாக, உரிமத்தோடு, வாரக்கடைசியில் ஒரு மேஜையில் உட்கார்ந்து செய்கிற வேலை இது. கொள்ளையடிக்கிறவனா உட்கார்ந்து கிண்ணம் காய்ச்சிக்கொண்டிருக்கிறான்? அந்த வரைவைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அடித்தண்டை மைக்ரோமீட்டரில் அளந்து அந்த அளவுக்கு டை செய்யுங்கள். குண்டைத் தோட்டாவின் கழுத்துக்குக் கீழே இறக்காதீர்கள். அங்கே கிண்ணம் கழன்றால் மருந்துக்குள் விழும். சத்தம் மந்தமாகக் கேட்டால் குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம்; குழலின் பின்புறத்தை மூடும் போல்ட்டைக் கழற்றி, குழலுக்குள் வெளிச்சம் முழுசாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததை ஏற்றுங்கள்.