டிசம்பரில் வேலை போன தம்பிக்கு

பெகுவிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். சுருக்கமாக இதுதான் அவர் கதை: கால்பந்து டீம் ஒன்றின் மேனேஜராக இருந்து நடத்தும் கம்ப்யூட்டர் கேமான ஃபுட்பால் மேனேஜர் 2024-ல் மான்செஸ்டர் சிட்டியை வைத்து நாலு சீசன் ஆடி, எல்லாக் கோப்பையும் வாங்கி அலுத்துப்போய், கீழ்ப் பிரிவில் கஷ்டப்பட்டுப் பார்க்கலாம் என்று இங்கிலாந்தின் ஆறாம் பிரிவான நேஷனல் லீக் நார்த்தில் ஸ்கன்தார்ப் என்ற டீமை எடுத்தார். பெயர் தெரிந்த மூன்று பிளேயர்களை வாங்கிப் போட்டார். சிட்டி மாதிரியே பந்தைச் சுற்றவிட்டு ஆடவைத்தார். டிசம்பரில் கிளப்பை நடத்தும் போர்டு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. "அண்ணே, எந்த டீமை எடுப்பது, எப்படிக் கட்டுவது? லேப்டாப் 8 ஜிபி, பழசு. கரண்ட் நிலைமை உங்களுக்குத் தெரியாததில்லை."

தெரியும் தம்பி. யாங்கோனிலும் முறை வைத்துத்தான் வருகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஸ்கன்தார்ப். 2010-11 சீசனில் சாம்பியன்ஷிப்பில், அதாவது இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவில் ஆடிய டீம் அது. பிறகு நாலாம் பிரிவு வரை சரிந்து, 2022-ல் ஒரு படி, 2023-ல் இன்னொரு படி என்று அடுத்தடுத்து இறங்கி ஆறாம் பிரிவுக்கு வந்து சேர்ந்தது. யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று நம்பித்தான் எடுத்திருப்பீர்கள். படுத்த யானைக்கும் தீனி யானைத் தீனிதான், அதை மறந்துவிட்டீர்கள். மைதானம் பெரிது, செலவு பெரிது, போர்டின் ஆசை எல்லாவற்றையும்விடப் பெரிது. போன வருடம் இறங்கிய டீம் இந்த வருடமே ஏற வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். கீழ்ப் பிரிவை முதன்முறை கற்றுக்கொள்பவருக்கு அந்த நெருக்கடி தேவையே இல்லை, ஐந்து ஆட்டம் தோற்றாலே நாற்காலி ஆடத் தொடங்கிவிடும்.

டீம் தேர்ந்தெடுக்க நான் செய்வது இது. கேமில் புதிதாக ஒரு சேவ் (சேமித்து ஆடும் ஆட்டம்) தொடங்கி, மனசுக்குப் பட்ட டீமை எடுத்து, ஒரு ஆட்டம்கூட ஆடாமல் நிதிப் பக்கத்தையும் ஒப்பந்தப் பக்கத்தையும் மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். ஒரு டீமுக்குப் பத்து நிமிடம். வாரச் சம்பளத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள், அதில் எவ்வளவு ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது, எத்தனை பேரின் ஒப்பந்தம் இந்த வருடமே முடிகிறது, பத்திரிகைக்காரர்கள் எந்த இடத்தில் வரும் என்று கணித்திருக்கிறார்கள், இந்த நாலும் போதும். சம்பளத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருந்து, பாதிப் பேரின் ஒப்பந்தம் ஜூனில் முடிந்து, கணிப்பு எட்டுக்கும் பதினான்குக்கும் நடுவில் இருந்தால் அதுதான் உங்கள் டீம். டிரான்ஸ்ஃபர் பட்ஜெட்டைப் பார்க்காதீர்கள். ஆறாம் பிரிவில் அது சைபராகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்றால் அதே நார்த்தில் செஸ்டரைப் பாருங்கள். பழைய கிளப் 2010-ல் மூடப்பட்டபின் ரசிகர்களே பணம் போட்டுத் திரும்ப எழுப்பியது, இன்றும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் மைதானத்தின் புல்தரை வேல்ஸில், அலுவலகம் இங்கிலாந்தில். பெரும் முதலாளி யாரும் இல்லாததால் கஜானா நிறைந்து வழியாது, ஆனால் ஆறாம் பிரிவுக்கு நல்ல கூட்டம் வரும். எதிர்பார்ப்பு மட்டும் நான் சொன்ன அளவைவிடக் கொஞ்சம் கூட இருக்கலாம், முதல் போர்டு சந்திப்பிலேயே பேசி இறக்கப் பாருங்கள்.

ஒரு படி மேலே, ஐந்தாம் பிரிவான நேஷனல் லீக்கிலேயே தொடங்கலாமே என்று தோன்றும். வேண்டாம். 24 டீமில் நேரடியாக ஏறுவது ஒன்றுதான், இன்னொன்று அடுத்த இடங்களில் வந்தவர்கள் மோதும் பிளே-ஆஃபில். 2022-23-ல் ரெக்ஸம் 111 புள்ளி எடுத்தது, நாட்ஸ் கவுண்டி 107 எடுத்தது. நூற்றேழு எடுத்தும் இரண்டாம் இடம்! பிளே-ஆஃப் இறுதியாட்டத்தில் பெனால்டி வரை போய்த்தான் மேலே வந்தார்கள். அந்தக் கதவு அவ்வளவு குறுகல். ஆறாம் பிரிவில் இரண்டு சீசன் இருந்து, கட்டுக்கோப்பான ஒரு டீமோடு அங்கே போவதுதான் நல்லது.

இனி சம்பளம். உங்கள் டீம் டிசம்பரில் கவிழ்ந்ததற்குக் காரணம் ஆட்டமுறை என்று நினைக்கிறீர்கள், நான் அப்படி நினைக்கவில்லை, ஜூலையிலேயே கவிழ்ந்துவிட்டது. கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு 8,000 பவுண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது பேருக்குப் பிரித்தால் தலைக்கு 400. இப்போது 34 வயது ஸ்ட்ரைக்கர் ஒருவர், ஒரு காலத்தில் பெரிய லீக்கில் ஆடியவர், ஃப்ரீயாகக் கிடைக்கிறார். 900 கேட்கிறார். ஒரு ஆளுக்குத்தானே, போகட்டும் என்று கொடுத்துவிடுகிறீர்கள். ஒப்பந்தத்தின் அடியில் ஒரு ஆட்டத்துக்கு 200 என்று ஆட்டப்படி இருக்கிறது, அதைக் கவனிக்கவில்லை. செவ்வாய், சனி என்று வாரத்தில் இரண்டு ஆட்டம் வந்தால் அந்த வாரம் அவருக்கு 1,300. மூன்று பேருக்கான சம்பளம் போய்விட்டது, அவரோ எழுபதாவது நிமிடத்தில் மூச்சு வாங்குகிறார். இப்படி மூன்று பேரை வாங்கியிருக்கிறீர்கள். மிச்சமிருக்கும் பதினேழு பேருக்கு 4,100, தலைக்கு 240 தேறுவதே பெரிது. 46 ஆட்டம் ஆட வேண்டிய பிரிவு தம்பி இது, பெஞ்சில் இருப்பவனும் ஆட வேண்டிவரும்.

ஆகவே ஒரு வரம்பு போட்டுக்கொள்ளுங்கள். சராசரிக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் யாருக்கும் கிடையாது, கோல் அடிப்பவனாக இருந்தாலும் சரி. ஒப்பந்தம் பேசும்போது ஆட்டப்படியைக் குறைத்து, வேண்டுமானால் வாரச் சம்பளத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொடுங்கள், அப்போது மாதச் செலவு இவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். மேல் பிரிவுக்குப் போனால் சம்பளம் உயரும் என்ற நிபந்தனையை முடிந்தவரை நீக்கிவிடுங்கள். ஏறிய சந்தோஷத்தில் ஜூலையில் நிதிப் பக்கத்தைத் திறந்தால் எல்லாரும் ஒரே நாளில் விலை ஏறியிருப்பார்கள், நான் பட்டிருக்கிறேன். அதே சமயம், கிளப் விரும்பினால் இன்னொரு வருடம் நீட்டிக்கலாம் என்ற நிபந்தனையைக் கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். இன்னொன்று, நான்-கான்ட்ராக்ட் என்று, கட்டிப்போடும் ஒப்பந்தம் இல்லாமல் வரும் ஆட்களைச் சும்மாதானே என்று நிறையச் சேர்க்க வேண்டாம். நன்றாக ஆடத் தொடங்கிய அன்றே அடுத்த டீம் ஒரு காசு தராமல் கூட்டிக்கொண்டு போய்விடும்.

ஆட்களை எங்கே பிடிப்பது? ஜூன் 30-ஆம் தேதி இங்கிலாந்து முழுக்க ஒப்பந்தங்கள் முடியும். ஜூலை முதல் வாரத்தில் பெரிய கிளப்புகளின் இளைஞர் அணிகளிலிருந்து கழற்றிவிடப்பட்ட பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள் மொத்தமாகத் தெருவில் நிற்பார்கள். தேடல் பக்கத்தில் ஒப்பந்தம் முடிந்தவர்கள், நம் கிளப்புக்கு வர விருப்பமுள்ளவர்கள் என்று வடிகட்டி, பதினைந்து இருபது பேரை டிரையலுக்கு, அதாவது சேர்ப்பதற்கு முன் சோதித்துப் பார்க்க, அழையுங்கள். இதுதான் கீழ்ப் பிரிவின் சூட்சுமமே. உங்கள் கிளப்பில் ஆட்களைத் தேடி மதிப்பிடும் ஸ்கௌட் ஒருவர் இருந்தால் அதிர்ஷ்டம், அவருக்கும் கண் சரியில்லை, அதனால் ஆட்களின் திறன் எண்கள் பாதி மறைந்தே இருக்கும். டிரையலுக்கு வந்தால் எண்கள் தெளிவாகிக்கொண்டே வரும், நட்பு ஆட்டத்தில் இறக்கியும் பார்க்கலாம், செலவு கிடையாது.

கழற்றிவிடப்பட்டவன் என்று இளக்காரமாகப் பார்க்காதீர்கள். ஸ்ட்ரைக்கர் ஜேமி வார்டியை ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கிளப் பதினாறு வயதில் உயரம் போதாது என்று அனுப்பிவிட்டது. ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற சின்ன கிளப்பில் வாரம் 30 பவுண்டுக்கு ஆடினார். 2012-ல் லெஸ்டர் அவரை ஐந்தாம் பிரிவுச் சாம்பியன் ஃப்ளீட்வுட்டிடமிருந்து 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது, நாலு வருடத்தில் பிரீமியர் லீக் கோப்பை. கீழ்ப் பிரிவிலிருந்து அவரை மேலே தூக்கியதில் பெரிய பங்கு அவருடைய வேகத்துக்கு.

வேகம் என்றதும் திறன் எண்களுக்கு வருவோம். இந்த கேமில் எண் ஒன்றிலிருந்து இருபது வரை. சிட்டியில் பதினாறுக்குக் கீழே இருந்தால் முகம் சுளித்திருப்பீர்கள். இங்கே ஏழு, எட்டுதான் சாதாரணம். எல்லாவற்றிலும் ஒன்பது வைத்திருப்பவனைவிட, இரண்டு விஷயத்தில் பதிமூன்று வைத்துக்கொண்டு மற்றதில் ஐந்து வைத்திருப்பவன் உங்களுக்கு உதவுவான். விங்கில் ஓடுபவனுக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் வேகமும் முடுக்கமும் முதலில், பாஸ் போடத் தெரியாவிட்டால் பரவாயில்லை. தடுப்பின் நடுவில் நிற்கும் சென்டர் பேக்குக்கு எகிறும் உயரம், தலையால் முட்டும் திறன், துணிச்சல். நடுக்களத்தில் இருவருக்கு ஓயாத உழைப்பும் தாக்குப்பிடிக்கும் மூச்சும். கோல்கீப்பரிடம் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், வரம்பை மீறலாம் என்று நான் அனுமதிக்கும் ஒரே ஆள் அவர்தான்.

இப்போது பந்தைச் சுற்றவிட்ட விஷயம். நம் ஊர் சின்லோன் பந்தை வட்டமாக நின்று மணிக்கணக்கில் கீழே விழாமல் தட்டுவார்கள், பார்க்க அவ்வளவு அழகு. அதே ஆட்களை ஆடி மாத மழையில் வயலுக்கு நடுவே இறக்கி, எதிரே ஆறடி ஆள் காலை நீட்டிக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? உங்கள் பிளேயர்களுக்கு அதுதான் நடந்தது, அவர்களுக்குச் சின்லோனும் வராது. நவம்பர் பிறந்தால் கீழ்ப் பிரிவுத் தரைகள் கெட்டுப்போகும், கேமிலும் தரையின் நிலை காட்டும், பாருங்கள். எட்டு எண் பாஸை வைத்துக்கொண்டு பின்னாலிருந்து கட்டி ஆடச் சொன்னால் பந்து உங்கள் பெனால்டி எல்லைக்குப் பக்கத்திலேயே பறிபோகும்.

4-4-2 போடுங்கள், அதாவது பின்னால் நாலு பேர், நடுவில் நாலு பேர், முன்னால் இரண்டு பேர். நேரடி எதிர்த்தாக்குதல் என்று தயாராக இருக்கும் முறையை எடுத்து, அதில் உள்ள கட்டளைகளில் பாதியை அழித்துவிடுங்கள், குழப்பாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. விடாமல் துரத்திப் பறிக்கும் முறை எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் வேறு வேலைக்குப் போய்விட்டு வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பயிற்சிக்கு வருகிற ஆட்களின் கால் பிப்ரவரிக்குள் போய்விடும். 2024 ஜனவரியில் ஆறாம் பிரிவு மெய்ட்ஸ்டோன் யுனைட்டட், சாம்பியன்ஷிப்பின் முன்வரிசையில் இருந்த இப்ஸ்விச்சை, பல பிரிவு டீம்களும் மோதும் எஃப்ஏ கப்பில், இப்ஸ்விச்சின் மைதானத்திலேயே 2-1 என்று வீழ்த்தியது. ஆட்டம் முழுக்கப் பந்து இப்ஸ்விச்சிடம்தான், கிடைத்த இரண்டு தடவை ஓடிப்போய் அடித்தார்கள், அவ்வளவுதான். உங்கள் டீமும் செப்டம்பரிலேயே தகுதிச் சுற்றில் நுழையும், ஜெயிக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் பரிசுப் பணம் உண்டு. அந்த ஆட்டத்தில் இரண்டாம் வரிசையை இறக்கிச் சோதித்துப் பார்க்காதீர்கள், ஒரு சீசனின் பற்றாக்குறையை அந்தப் பரிசுப் பணமே அடைத்துவிடலாம்.

கார்னருக்கும் ஃப்ரீ கிக்குக்கும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து ஏற்பாடு செய்யுங்கள். எகிறும் உயரம் உள்ள சென்டர் பேக் இருவரையும் அனுப்பி, ஒழுங்காகப் பந்தைத் தூக்கிப் போடும் ஒருவனை வைத்துவிட்டால் சீசனுக்குப் பத்துப் பன்னிரண்டு கோல் எனக்கு அதில்தான் வந்திருக்கிறது. லோனில், அதாவது இரவலாக, மேல் கிளப் பையன்களைச் சம்பளம் இல்லாமலே கேட்டுப் பாருங்கள், தருவார்கள், ஆனால் ஒரு ஆட்டத்தில் எத்தனை லோன் ஆட்கள் இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு, போட்டி விதிகள் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். முழு டீமையும் லோனில் கட்டினால் அடுத்த ஜூனில் கையில் ஒன்றும் இருக்காது.

சரி, லேப்டாப்பும் கரண்டும். தொடங்கும்போது இங்கிலாந்தை மட்டும் ஆடும் நாடாக வையுங்கள், ஆறாம் பிரிவு வரை. மற்ற நாடு வேண்டாம். கேம் எவ்வளவு வேகமாக ஓடும் என்று காட்டும் நட்சத்திரக் குறி அங்கேயே தெரியும். ஆட்டத்தை 2டியில் பாருங்கள், பாட்டரி கூடுதல் நேரம் தாங்கும். முக்கியமானது தானாகச் சேமிக்கும் வசதி. வாரம் ஒருமுறை, மூன்று கோப்புகளில் மாறி மாறி என்று வைத்துவிடுங்கள். போன மழைக்காலத்தில் என் லேப்டாப் பாட்டரி வீங்கிவிட்டது, கழற்றி வைத்துவிட்டு இன்வெர்ட்டரில் நேராகச் செருகி ஆடிக்கொண்டிருந்தேன், சேமித்துக்கொண்டிருந்த அந்த நொடியில் இன்வெர்ட்டரும் அணைந்தது. ஒரே கோப்பு. மூன்று சீசன் போயிற்று. அன்றைக்கு வீட்டில் யாரோடும் பேசவில்லை.

புது சேவில் ஜூலை மாதம் டிரையல் முடிந்ததும் பட்டியலை எனக்கு அனுப்புங்கள் தம்பி, பெயர் வேண்டாம், வயதும் சம்பளமும் போதும். கோல்கீப்பர் இரண்டு பேர் இருக்கிறார்களா என்று அனுப்புவதற்கு முன் பார்த்துவிடுங்கள், எல்லாரும் மறப்பது அதைத்தான்.