உலகின் மிக உயரமான கட்டடம் மலைகளை எட்டிவிட்டதா?

சுருக்கமான பதில்: பெரிய மலைகளை இல்லை, ஆனால் சில நாடுகளின் மிக உயர்ந்த இடத்தையே கட்டடங்கள் தாண்டிவிட்டன. துபாயில் 2010-ல் திறந்த புர்ஜ் கலீபா 828 மீட்டர், எவரெஸ்ட் 8,848 மீட்டர். அதாவது பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

டென்மார்க்கைப் பாருங்கள், அங்கே இயற்கையான மிக உயர்ந்த இடமான மோலஹோய் சுமார் 171 மீட்டர்தான், ஆனால் அதே நாட்டின் கிரேட் பெல்ட் பாலத்தைத் தாங்கும் கோபுரங்கள் கடல் மட்டத்திலிருந்து 254 மீட்டர் எழும்பி நிற்கின்றன! எனக்கு இது உண்மையிலேயே வியப்பான விஷயம்.

ஆனால் ஒப்பிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலையைக் கடல் மட்டத்திலிருந்து அளக்கிறோம், கட்டடத்தை அது நிற்கும் தரையிலிருந்து. ஹவாயின் மௌனா கியா கடலுக்கு மேலே 4,207 மீட்டர்தான், கடலடியில் இருக்கும் அதன் அடிவாரத்திலிருந்து அளந்தால் 10,000 மீட்டரைத் தாண்டி எவரெஸ்ட்டையே மிஞ்சிவிடும்.

சரி, ஏன் இன்னும் உயரமாகக் கட்டவில்லை? மலைக்குப் பல கிலோமீட்டர் அகல அடிவாரம் இருக்கிறது, அதன் எடை அங்கே பரவுகிறது. கட்டடமோ ஒல்லியானது, உயர உயரக் காற்று அதை ஆட்டும், லிஃப்டின் எஃகுக் கயிறும் சுமார் 500 மீட்டருக்கு மேல் தன் எடையாலேயே சிரமப்படும், செலவும் எகிறும். கயிற்றின் இந்த எல்லையும் ஒரு காரணமாக, மிக உயரமான கட்டடங்கள் பலவற்றில் பாதி வழியில் லிஃப்ட் மாற வேண்டியிருக்கிறது.